மனையைப் படிக்கும் நடை

சிட்னி, மெல்பர்ன் நகரங்களின் வணிக மையத்தில் ஆட்களை நடத்திச் சென்று பழைய வழிபாட்டிடங்களைக் காட்டுவது என் தொழில். இங்குள்ள தமிழர்கள் ‘சிட்டி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் அந்தச் சின்ன வட்டாரம்தான் என் பணியிடம். கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே ஒரு மணற்கல் தேவாலயம் தட்டுப்பட்டதும் நடப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இவ்வளவு விலை போகிற இடத்தில் இதை எப்படி விட்டுவைத்தார்கள்? பழமைக்கு இங்கே மரியாதை அதிகம் என்பது வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். ஜப்பானைச் சுற்றிவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் பதில் இன்னும் எளிதாகப் பிடித்துவிடுகிறது. டோக்கியோவின் ஓத்தெமாச்சியில், வங்கிக் கட்டடங்களின் காலடியில், 940-இல் மாண்ட வீரன் தைரா நோ மசகாதோவின் தலை புதைந்ததாக நம்பப்படும் மேடு இன்றும் இருக்கிறது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த இடத்தில் நிதி அமைச்சகம் தற்காலிக அலுவலகம் எழுப்பியது. அமைச்சரும் வேறு சிலரும் அடுத்தடுத்து இறந்ததும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி அதை அகற்றியது. பக்தியோ பயமோ, சந்தையை வென்ற கதையாக இது சொல்லப்படுகிறது. அதே டோக்கியோவில் தொரானோமோன் பகுதியில் இருக்கும் கொத்தோஹிரா சன்னிதியை யாரும் இதே மூச்சில் சொல்வதில்லை. அந்தச் சன்னிதி வளாகத்திலேயே 2004-இல் 26 மாடி அலுவலகக் கட்டடம் எழுந்தது. அதன் நிழலில்தான் வழிபாடு நடக்கிறது. என் தொழிலுக்கு வழி காட்டுவது இந்த இரண்டாவது சன்னிதி. ஒரு வழிபாட்டிடம் ஏன் நிற்கிறது என்பதற்கு விடை அதன் மனையில் இருக்கிறது. மனையை யார் கொடுத்தார்கள், பத்திரம் யார் பெயரில், அதைக் கட்டிக்காக்க எங்கிருந்து பணம், இன்றும் உள்ளே வருகிறவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும் என்பது என் கட்சி.

மரியாதைதான் காப்பாற்றியது என்றால் முதலில் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டியது மெல்பர்னின் பழைய செயின்ட் ஜேம்ஸ். அதற்கு 1839-இல் அடிக்கல் நட்டவர் மெல்பர்ன் வட்டாரத்தை அப்போது நிர்வகித்த லா டிரோப். குடியேற்றம் தொடங்கி நான்காண்டே ஆகியிருந்த ஊரில், காலின்ஸ் தெருவும் வில்லியம் தெருவும் சந்திக்கும் மூலையில் அது எழுந்தது. பிறகு அந்த மூலையைச் சுற்றி வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வந்தன. குடியிருந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். 1891-இல் ஸ்வான்ஸ்டன் தெருவில் செயின்ட் பால் பேராலயம் அபிஷேகமானதும் தலைமைப் பீடம் என்ற தகுதியும் போயிற்று. 1913–14-இல் அந்தத் தேவாலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து, கிங் தெருவும் பேட்மன் தெருவும் சந்திக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். சிட்னியிலும் கதை வேறல்ல. துறைமுகப் பாலத்தின் அணுகுசாலைக்காக 1826-ஆம் ஆண்டின் ஸ்காட்ஸ் தேவாலயம் 1926-இல் இடிபட்டது. மார்ட்டின் பிளேஸை மக்வாரி தெருவரை நீட்டுவதற்காகப் பிலிப் தெருவில் இருந்த செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் கையகப்படுத்தப்பட்டது. 1935-இல் மக்வாரி தெருவில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். மெல்பர்னின் யூதச் சபை 1840-கள் முதல் போர்க் தெருவில் இருந்தது. சபையார் தென்கிழக்குப் புறநகர்களுக்குக் குடிபெயர, 1930-இல் தொழுகைக்கூடமும் டூராக் சாலைக்குப் போனது. பாலமோ சாலையோ வாடகையோ குறுக்கே வந்தபோது பழமை தன் பலத்தில் நின்றதாக இந்த வரிசையில் ஒரு சான்றும் இல்லை.

நின்றவற்றைப் பார்ப்போம். இங்கே 1836 என்ற ஆண்டைச் சொல்லாமல் நடையைத் தொடங்கவே கூடாது. நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ரிச்சர்ட் போர்க் அந்த ஆண்டு கொண்டுவந்த தேவாலயச் சட்டப்படி, ஒரு சபை குறைந்தது 300 பவுன் திரட்டினால் அரசும் ஈடான தொகை தரும். உச்சவரம்பு 1000 பவுன். போதகருக்குச் சம்பளமும் உண்டு. ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம், பிரஸ்பிட்டேரியன் என்ற மூன்று சபைகளும் முதலில் இதில் சேர்ந்தன; பிறகு மெத்தடிஸ்ட்டுகளும் சேர்ந்தார்கள். அதற்கு மறு ஆண்டு, 1837-இல், ராபர்ட் ஹாடில் மெல்பர்னின் கட்டம்போட்ட தெருவமைப்பை வரைந்தார்: பெரிய தெரு 99 அடி அகலம், இடையில் ஓடும் சின்னத் தெரு 33 அடி. நம் ஊர்களில் தேரடியும் சந்தைத்திடலும் போல மக்கள் கூடுவதற்கு ஒரு சதுக்கம்கூட அந்த வரைபடத்தில் இல்லை. ஆகவே தேவாலயங்களுக்கு வாய்த்ததெல்லாம் தெருமுனைகள். ஊர் இன்னும் சேறும் மரக்கட்டைகளுமாக இருந்த நாளில், மனை மலிவாகவோ இலவசமாகவோ கிடைத்த பத்துப் பதினைந்து ஆண்டுக்குள், சட்டத்தின் கருணை வட்டத்துக்குள் இருந்த சபைகளும் வேறு சில கிறித்தவச் சபைகளும் நல்ல மூலைகளில் அமர்ந்துவிட்டன. லான்ஸ்டேல், எலிசபெத் தெருக்களின் முனையில் இருக்கும் செயின்ட் பிரான்சிஸ் 1841-இல் தொடங்கியது. காலின்ஸ் தெருவில் பாப்டிஸ்ட் தேவாலயம் 1845-ஐச் சேர்ந்தது. ரஸ்ஸல் தெரு முனையில் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு தேவாலயங்களையும் கட்டடக் கலைஞர் ஜோசப் ரீட் வடிவமைத்தார்: இன்று செயின்ட் மைக்கேல் எனப்படும் வண்ணச் செங்கல் கட்டடம் 1867, ஸ்காட்ஸ் தேவாலயம் 1874. கட்டடங்கள் பிந்தியவை என்றாலும் அந்த முனையில் சபைகள் கால் பதித்தது 1830-களின் கடைசியில். காலின்ஸ் தெருவில் இருக்கும் இந்த மூன்றுமே தெருவின் வடக்குப் பக்கம், முகப்பு தெற்கு நோக்கி. தென் அரைக்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழுவதால் நண்பகலில் இவற்றின் முகம் நிழலில் இருக்கும். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது ஏமாற்றம், எனக்கு வசதி. எதிர்ப்புறம் நின்று, கண் கூசாமல், மனை எவ்வளவு அகலம் என்று அளக்கலாம்.

சிட்னியில் கிங் தெரு செயின்ட் ஜேம்ஸ் இன்னும் தெளிவான பாடம். கைதியாகக் கப்பலில் வந்த கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே அதை நீதிமன்றமாகத்தான் தொடங்கினார். 1819-இல் வேலை ஆரம்பித்த பின், லண்டன் அனுப்பிய ஆணையர் பிக் தலையிட, நீதிமன்றம் தேவாலயமாக மாறியது; 1824-இல் அபிஷேகமாயிற்று. எதிரே அதே கிரீன்வே கட்டிய ஹைட் பார்க் கைதிக் குடியிருப்பு. அரசின் மனையில், அரசின் செலவில், கைதிகளின் கூலியில்லா உழைப்பில் எழுந்த இடம் அது. அருகே நிலத்தடியில் 1926-இல் ரயில் வந்தபோது நிலையத்துக்கே தேவாலயத்தின் பெயரை வைத்தார்கள். அதற்கு நேர்மாறானது சர்ச் ஹில்லில் இருக்கும் செயின்ட் பேட்ரிக். 1798 ஐரிஷ் எழுச்சிக்காக நாடு கடத்தப்பட்ட வில்லியம் டேவிஸ், விடுதலையான பின் தன் சொந்த மனையைக் கத்தோலிக்கருக்குக் கொடுத்தார். 1844-இல் தேவாலயம் திறந்தது. எலிசபெத் தெருவின் பெரிய யூதத் தொழுகைக்கூடம், 1878, விலைக்கு வாங்கிய மனையில் நிற்கிறது. இருபுறமும் கட்டடங்கள் ஒட்டி நிற்க, தெருவுக்குக் கிடைத்த அகலத்துக்குள் தன் முகப்பை நிமிர்த்திக்கொண்டது. ஒரு மனை அரசு தந்தது, ஒன்று முன்னாள் கைதி தந்தது, ஒன்று சபையார் காசு சேர்த்து வாங்கியது. மூன்றும் அரை மணி நடைக்குள் இருக்கின்றன. கோபுரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் மூன்றும் ‘பழைய கட்டடம்’ என்ற ஒரே பெயரில் கலந்துவிடும்.

யார் உள்ளே இல்லை என்று கேட்டால் என் கட்சி இன்னும் வலுப்பெறும். தங்கம் தேடி வந்த சீனர்கள் 1850-களில் விக்டோரியாவில் பல்லாயிரக்கணக்கில் இருந்தார்கள். 1855-இல் விக்டோரியா அரசு, கப்பலில் இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுன் தலைவரி விதித்தது. தேவாலயச் சட்டத்தின் மனையும் மானியமும் அவர்களுடைய தெய்வங்களுக்கு இல்லை. சீ யுப் சங்கத்தார் 1866-இல் கட்டிய குவான் தி கோயில் யாரா ஆற்றுக்குத் தெற்கே, அன்று எமரால்டு ஹில் எனப்பட்ட சவுத் மெல்பர்னில் இருக்கிறது. சிட்னியில் அவர்களது கோயில் 1898-இல் கிளீபில். யூ மிங் கோயில் 1909-இல் அலெக்சாண்டிரியாவில், காய்கறித் தோட்டக்காரர்களும் தச்சர்களும் வாழ்ந்த சந்துக்குள். எல்லாமே வணிக மையத்துக்கு வெளியே. ஒரு விதிவிலக்கு லிட்டில் போர்க் தெருவில் உண்டு: 1861-இல் பீட்டர் கெர் வரைந்து கொடுத்த ‘நம் பான் சூன்’ என்ற சீனச் சங்கத்தின் கட்டடம். விக்டோரியாவின் நாடாளுமன்றத்தை வரைந்தவரும் அவரே. மேல்மாடியில் வழிபாட்டறை, கீழே சங்கம். அது கையில் பத்திரம் இருந்ததால் நின்றது; வாங்கிய மனையைச் சங்கம் விடவில்லை. மனைதான் பேசுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நம்மவர் கோயில்களும் இதே கணக்கில் வருகின்றன. சிட்னி ஆபர்னின் ஸ்ரீ மந்திர் 1977, சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் 1985, மெல்பர்னின் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு 1994. நாம் வந்த காலத்தில் மையத்து மனை நமக்கு எட்டாது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை முழுதாக ஒழிந்ததே 1973-இல்தான்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. ஜார்ஜ் டவுனின் சென்னகேசவப் பெருமாள் கோயில் முன்பு இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்தது. கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டுமென்று 1757-இல் கம்பெனியார் அதை இடித்தார்கள். மாற்று மனை பெற்று, மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியில், 1760-களில் பூக்கடைப் பக்கம் சென்னகேசவரும் சென்னமல்லீசுவரரும் இரட்டைக் கோயிலாக அமர்ந்தார்கள். மெல்பர்ன் செயின்ட் ஜேம்ஸின் இடப்பெயர்ச்சியை விளக்க இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும். கேட்பவர் முகத்தில் உடனே வெளிச்சம் வரும். ஒரு வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே இடித்தவன் ஆண்டவன், இடம் பெயர்ந்தது ஆளப்பட்டவனின் தெய்வம். மெல்பர்னில் ஆண்டவனே தன் தெய்வத்தைப் பெயர்த்தான்.

இந்தப் பார்வைக்கு மறுப்புகள் உண்டு. சட்டத்தை மறந்துவிட்டாய் என்பது முதல் மறுப்பு. விக்டோரியாவில் 1974-இலும் நியூ சவுத் வேல்ஸில் 1977-இலும் மரபுக் கட்டடச் சட்டங்கள் வந்தன. இன்று இவற்றில் ஒரு கல்லைப் பெயர்க்கவும் அனுமதி வேண்டும். உண்மை. ஆனால் அந்தச் சட்டங்கள் வருமுன் நடந்தது என்ன? சிட்னியின் கட்டடத் தொழிலாளர் சங்கம், ஜாக் மண்டே செயலாளராக இருந்தபோது, 1971-இல் கெல்லிஸ் புஷ் என்ற புதர்க்காட்டைக் காக்க வேலை செய்ய மறுத்தது. அப்படிப் பிறந்தவை பசுமைத் தடைகள். 1846-ஆம் ஆண்டின் பிட் தெருச் சபைக் கோயிலும் அந்தத் தடையால் தப்பியவற்றுள் ஒன்று. சித்தாள்களும் கொத்தனார்களும் கூலியை இழந்து காத்த சுவர் அது. இந்த இடத்தில் என் கட்சியை நானே திருத்திக்கொள்ள வேண்டும்: பத்திரம் மட்டும் போதாது. பத்திரம் வைத்திருக்கும் சபையே விற்க நினைக்கலாம். அப்போது குறுக்கே நிற்க உயிருள்ள மனிதர்கள் வேண்டும். ஆகவேதான் ‘இன்றும் உள்ளே வருகிறவர்கள் யார்’ என்ற கேள்வியை வைத்திருக்கிறேன். செயின்ட் பிரான்சிஸில் வேலைநாள் மதிய நேரம் போய்ப் பார்த்தால் அதற்குப் பதில் தெரியும். அலுவலக அட்டை கழுத்தில் தொங்க, இருபது நிமிட இடைவேளையில் பூசைக்கு வந்து போகிறவர்கள். பிலிப்பைன்ஸ், வியட்நாம், கேரளம், தமிழ்நாடு, இலங்கை முகங்கள். அந்த நேரத்தில் குழுவை உள்ளே அழைத்துப் போகாதிருப்பது இத்தொழிலின் முதல் ஒழுக்கம். கூட்டம் கலைந்த பின் போகலாம். கட்டடம் எங்கும் போய்விடாது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது: வாடகைக்கும் மாடிக்கும் கோயிலைக் கட்டிப்போட்டால் அது கோயிலா? சிட்னி மாநகரத்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. மரபுக் கட்டடத்தைச் செப்பனிட்டுக் காக்கும் உரிமையாளர், தன் மனையில் சட்டப்படி கட்டியிருக்கக்கூடிய, ஆனால் கட்டாமல் விட்ட தளப்பரப்பை வேறொரு கட்டடக்காரருக்கு விற்கலாம். கூரை ஒழுகலுக்கும் மணற்கல் உதிர்வுக்கும் அந்தக் காசு போகிறது. டோக்கியோ ரயில் நிலையத்தின் செங்கல் முகப்பு 2012-இல் பழைய வடிவம் பெற்றதும் இப்படித்தான், கட்டாத மாடிகளை அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கு விற்று. மெல்பர்னில் 1858-ஆம் ஆண்டின் வெஸ்லி தேவாலய வளாகத்தில் 2020-இல் அலுவலகக் கட்டடமே வந்துவிட்டது. பழைய தேவாலயமும் மரங்களும் திறந்த முற்றமும் தெருவுக்குத் திரும்பக் கிடைத்தன. இதை இழிவு என்று சொல்கிறவர் மாடவீதிக் கடைகளின் வாடகையையும் தேவதான நிலங்களின் குத்தகையையும் என்ன சொல்வார்? எண்ணெய்க்கும் நைவேத்தியத்துக்கும் அர்ச்சகர் படிக்கும் வருவாய் வேண்டும் என்று நம் கோயில்கள் கல்லிலேயே வெட்டி வைத்தன. வருவாய் இருப்பது குற்றமில்லை. எல்லை எங்கே என்பதுதான் கேள்வி, அதில் நான் கண்டிப்பானவன். சிட்னியில் மார்கரெட் தெருவுக்கு இடம் பெயர்ந்த ஸ்காட்ஸ் தேவாலயத்தின் தலைமேலேயே 2000-களில் அடுக்ககம் ஏறியது. மேல்மாடிகள் கட்டும் எண்ணம் 1920-களின் மூலத்திட்டத்திலேயே இருந்தது, பொருளாதாரப் பெருமந்தம் தடுத்தது என்பது அதற்கான நியாயம். நியாயம் சரிதான். ஆனாலும் வானம் தெரியாத தேவாலயத்தின் முன் நின்று விளக்கும்போது, பக்கத்து மனையில் ஏறும் மாடிக்கும் தலைமேல் ஏறும் மாடிக்கும் உள்ள தூரத்தை நான் மழுப்புவதில்லை.

மூன்றாவது மறுப்பை வயதில் பெரியவர்கள் மென்மையாகச் சொல்வார்கள்: இப்படிப் பட்டா, சிட்டா என்று பேசினால் கும்பிட வந்தவர் மனம் வறண்டு போகாதா? போகாது என்பதே என் உறுதி. தல புராணத்தைக் கேட்டு யாரும் பக்தி இழப்பதில்லை. அதுவும் ஒரு மனையின் கதைதான். செயின்ட் பேட்ரிக்கின் வாசலில் டேவிஸின் கொடையைக் கேட்டவர் உள்ளே போகும்போது குரல் தானாகத் தாழ்கிறது. செருப்பைக் கழற்றலாமா என்று தமிழர்கள் கேட்பார்கள்; இங்கே வழக்கமில்லை, சீ யுப் கோயிலிலும் கட்டாயமில்லை, விருப்பம் இருந்தால் தடுப்பாரும் இல்லை என்று சொல்வேன். அந்தக் கேள்வியே அவர் கட்டடத்தைக் கடந்து இடத்துக்கு வந்துவிட்டதைக் காட்டுகிறது.

நான்காவது மறுப்பு பெரியது. அதை எழுப்ப வேண்டியவன் நானே. மனையையும் பத்திரத்தையும் வைத்தே நடந்தால், பத்திரம் என்ற ஒன்றே இல்லாதவர்களின் தெய்வங்கள் எங்கே? சிட்னியின் செயின்ட் ஜேம்ஸும் செயின்ட் மேரி பேராலயமும் நிற்பது கடிகல் பழங்குடி மக்களின் நிலம். மெல்பர்னின் கட்டம் குலின் பழங்குடி மக்களின் நிலத்தின்மேல் விழுந்த கோடு. லா டிரோப்பும் போர்க்கும் கொடுத்த மனைகள் கொடுப்பதற்கு அவர்களுடையவை அல்ல. யாரா ஆற்றில், உப்புநீரையும் நன்னீரையும் பிரித்து, ஆட்கள் கடக்கும் இடமாக இருந்த பாறைத் தடுப்பு 1880-களில் தகர்க்கப்பட்டது. அதன் மேலே இன்று பாலமும் டிராமும் போகின்றன. காட்டக் கட்டடம் ஒன்றும் இல்லாத இடம் வழிகாட்டிக்குக் கடினம். அதனாலேயே பெரும்பாலான நடைகளில் அது விடுபடுகிறது. அந்த விடுபடலைக் குறை என்றே சொல்வேன். பத்திரத்தைச் சரியாகப் படிப்பவன் அதன் முதல் பத்தியிலேயே எழுதாமல் விட்டதையும் படிக்க வேண்டும். மெல்பர்னின் கிங்ஸ் டொமைன் பூங்காவில் ஒரு கல் இருக்கிறது. அருங்காட்சியகச் சேகரிப்பிலிருந்து மீட்கப்பட்ட 38 பழங்குடியினரின் எலும்புகள் 1985-இல் அங்கே அடக்கம் செய்யப்பட்டன. சிட்டியைச் சுற்றும் நடையில் அந்தக் கல்லுக்குச் செயின்ட் பாலுக்கு ஒதுக்கும் நேரத்தை ஒதுக்குகிறேன்.

மெல்பர்ன் நடையின் கடைசிக் கட்டத்தை வடமேற்கு மூலையில் வைப்பதற்கும் இந்த விடுபடலே காரணம். பெயர்த்துக் கட்டிய செயின்ட் ஜேம்ஸுக்கு எதிரே ஃபிளாக்ஸ்டாஃப் தோட்டம். முதல் குடியேறிகளைப் புதைத்த மேடு அது. அங்கிருந்து சில நிமிடத்தில் குயின் விக்டோரியா சந்தை. 1878-இல் திறந்த அந்தச் சந்தை ஊரின் பழைய இடுகாட்டின்மேல் படிப்படியாக விரிந்தது. இடுகாட்டைச் சபைவாரியாகப் பிரித்திருந்தார்கள்: ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம், பிரஸ்பிட்டேரியன், யூதர், குவேக்கர், ஒரு ஓரம் பழங்குடியினருக்கு. 1920-களின் தொடக்கத்தில் 914 பேரின் எச்சங்களை மட்டும் அப்புறப்படுத்தினார்கள். ஏறக்குறைய 9000 பேர் இன்னும் கீழே இருக்கிறார்கள். வழிபாட்டுக்கு மனை கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் சேர்ந்து கிடக்கும் அந்தத் தரை நெடுங்காலம் வாகன நிறுத்துமிடமாக இருந்தது. வெள்ளைக் கோடு போட்டு, எண் எழுதி, மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டார்கள்.